நான்கு வாரம் பேசாதிருந்தேன்

பொருளாதாரத்தில் ‘குறைந்து செல் விளைவு விதி’ என்று ஒன்று உண்டு. ஒரே வயலில் ஆட்களைக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்துக்கு மேல், கூடுதலாக வருகிற ஒவ்வொரு ஆளாலும் கிடைக்கும் நெல் குறைந்துகொண்டே போகும் என்பது அதன் சாரம். தஞ்சாவூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் பி.யு.சி. என்ற புகுமுக வகுப்புக்கு அதை நடத்திக்கொண்டிருந்தபோதுதான் என் குரல் நின்றுபோனது. “விளைவு” என்று சொல்ல வாயைத் திறந்தேன். வெறும் காற்றுதான் வந்தது.

முன்வரிசைப் பெண்கள் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார்கள். நான் வேண்டுமென்றே நிறுத்தியிருக்கிறேன் என்று நினைத்தார்கள். அப்படி நிறுத்துவது என் வழக்கம். கல்லூரி நாட்களில் பேச்சுப் போட்டி ஒன்றைக்கூட நான் விட்டதில்லை. பேச்சால் வளர்ந்த கட்சி ஆட்சிக்கு வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. மேடையில் பேசத் தெரிந்தவர்கள் மந்திரிகளாகியிருந்தார்கள். வகுப்பில் பாடம் நடத்துகிறவர்களுக்கும் அந்த ஆசை தொற்றியிருந்தது. நானும் கடைசிச் சொல்லை இழுத்து, நிறுத்தி, மேலே பார்த்து, பிறகு அடுத்த வாக்கியத்துக்குப் போவேன். அன்றைக்கு மேலே பார்த்தேன், அடுத்த வாக்கியம் வரவில்லை.

“தண்ணி கொண்டாரவா மிஸ்?” என்றாள் முன்வரிசையில் ஒருத்தி. குடித்துப் பார்த்தேன். பயனில்லை. கையசைத்து வகுப்பை அனுப்பிவிட்டேன்.

அது திடீரென்று வந்ததில்லை. ஆறு மாதமாகவே குரல் கரகரத்துக்கொண்டிருந்தது. பி.யு.சி. வகுப்பு ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு நீளக் கொட்டகையில் நடந்தது. நூறு பேருக்கு மேல் உட்கார்ந்திருப்பார்கள். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு அரிசி ஆலை. பத்தரை மணிக்கு அது ஓட ஆரம்பித்தால், கடைசி பெஞ்சுக்குக் கேட்கவேண்டும் என்பதற்காக நான் அடிவயிற்றிலிருந்து கத்துவேன். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம். ஆலைக்காரர் கல்லூரியை என்ன நினைத்தாரோ, நான் அந்த ஆலையைப் போட்டியாளராகத்தான் நினைத்திருந்தேன்.

ஆசிரியர் அறையில் ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். சித்தரத்தையை வாயில் அடக்கிக்கொள்ளச் சொன்னார் தமிழ்த்துறை அம்மா. உப்புத் தண்ணீர் என்றார் வேதியியல். என் கணவர் மிளகுப் பால் போட்டுக் கொடுத்தார். என் கைப்பையைத் திறந்தால் நாட்டு மருந்துக் கடை வாசம் அடிக்கும். எல்லாவற்றையும் தின்றுவிட்டு எல்லா வகுப்பிலும் கத்தினேன்.

குரல் நின்ற அந்த வாரம் வியாழக்கிழமை, பெரிய ஆஸ்பத்திரியில் தொண்டை டாக்டரைப் பார்க்கப் போனேன். ஐம்பது வயது இருக்கும். நெற்றியில் வட்டக் கண்ணாடி. அவரே மிகவும் தாழ்ந்த குரலில் பேசுவார், நாம் குனிந்து கேட்கவேண்டும்.

“எத்தனை மாசமா இப்படி?”

“ஆறு மாசம்” என்று கிசுகிசுத்தேன்.

“கிசுகிசுக்காதீங்க. தொண்டைக்கு அதுவும் கத்துற மாதிரிதான். எழுதிக் காட்டுங்க.”

துணியால் நாக்கைப் பிடித்து இழுத்து, விளக்கில் சூடுகாட்டிய சிறு கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். கண்ணில் நீர் வந்தது.

“குரல்வளையில ரெண்டு நாண் இருக்கு. பேசறப்ப ஒண்ணோட ஒண்ணு தட்டும். நீங்க ரொம்பத் தட்டிட்டீங்க. அரிவாள் புடிச்சா உள்ளங்கை காய்ச்சுப் போவுதில்ல, அந்த மாதிரி ரெண்டு பக்கமும் கடுகளவுக்குக் காய்ச்சிருக்கு. நாலு வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. வாரா வாரம் வந்து காட்டுங்க. கரையலன்னாதான் ஆபரேஷன்.”

வெளியே வந்து மருந்துச் சீட்டுக்காக பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்கு அடுத்து உள்ளே போனவர் என் வயதுக்காரர், தோளில் சிவப்புத் துண்டு. கதவுக்குப் பதில் திரைதான் என்பதால் பேச்சு முழுவதும் கேட்டது.

“என்ன வேல பாக்குறீங்க?”

“கோஷம் போடறேங்க.” முறத்தைத் தரையில் இழுத்தாற்போல ஒரு குரல்.

“அது வேலையா?”

“வேல வயல்லங்க. கோஷம் சங்கத்துக்கு.”

சிறிது நேரத்தில் அவரும் அதே நான்கு வாரத் தண்டனையோடு வெளியே வந்தார். “அறுப்பு சமயம் ஐயா” என்று கெஞ்சிப் பார்த்திருந்தார். டாக்டர் திரையை விலக்கி எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்தார். “ரெண்டு பேருக்கும் ஒரே காய்ப்பு. ஒருத்தருக்குக் காலேஜ்ல வந்தது, ஒருத்தருக்கு ரோட்டுல வந்தது. எங்கிட்ட வாத்தியாருங்க வருவாங்க, பஸ் கண்டக்டருங்க வருவாங்க, ஏலம் விடறவங்க வருவாங்க. பாட்டுக்காரங்கதான் கொறச்சல். அவங்களுக்கு மூச்சு விடத் தெரியும்.”

கடைத்தெருவில் ஒரு சிலேட்டும் பலப்பமும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

என் கணவர் மின்சார அலுவலகத்தில் குமாஸ்தா. பேசாத மனிதர் என்று எங்கள் இரு குடும்பத்திலும் பெயர். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் காய்கறிக்காரரிடம் பேரம், வீட்டுக்காரரிடம் வழக்கு, உறவினரிடம் விசாரிப்பு எல்லாம் நான்தான். இப்போது அத்தனையும் அவர் தலையில் விழுந்தது. முதல் இரண்டு நாள் தவித்தார். மூன்றாம் நாள் சாப்பிடும்போது, அலுவலகத்தில் மாட்டுவண்டி மோதிச் சாய்ந்த ஒரு மின்கம்பத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். மாட்டின் சொந்தக்காரர், வண்டியின் சொந்தக்காரர், கம்பம் நின்ற மனையின் சொந்தக்காரர் என்று மூன்று பேர் வந்து நின்ற நீண்ட கதை. நான் குறுக்கே பேச முடியாது. அவர் ஒரு கதையை முடித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நன்றாகச் சொன்னார். இத்தனை நாள் எங்கே வைத்திருந்தீர்கள் என்று சிலேட்டில் எழுதிக் கேட்டேன்.

“நீ எங்க எடம் குடுத்தே?” என்றார்.

கல்லூரியில் எனக்கு விடுப்பு மீதியில்லை. “வகுப்புல வந்து உக்காருங்க, போதும்” என்றார் முதல்வர் அம்மா. உட்கார்ந்தால் பாடம் எப்படி நகரும்? விட்ட இடத்திலிருந்து கரும்பலகையில் ஒரு கேள்வியை எழுதினேன்: ‘ஒரே வயலில் ஆட்களைக் கூட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும்?’ எழுதிவிட்டுத் திரும்பி நின்றேன். யாரும் பேசவில்லை. எனக்கும் வேறு வழியில்லை, நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில், வருஷம் முழுவதும் வாயே திறக்காத ஒரு பெண் பின்வரிசையிலிருந்து எழுந்தாள். மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் அவளுக்கு.

“நடவுல பாத்திருக்கேன் மிஸ். பதினஞ்சு பேர் நடற எடத்துல முப்பது பேர் எறங்கினா, ஒருத்தர் நட்டத இன்னொருத்தர் மிதிப்பாங்க.”

வகுப்பு சிரித்தது. அவள் பயந்து உட்காரப் போனாள். நான் அவள் சொன்னதை அப்படியே பலகையில் எழுதி, மேலே விதியின் பெயரைத் தலைப்பாகப் போட்டேன். மூன்று வருஷமாக நான் கத்திச் சொல்லியும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. மறுநாளிலிருந்து கைகள் உயர ஆரம்பித்தன. ஆலை ஓடும்போது அவர்களே பேச்சை நிறுத்திக்கொண்டு எழுதுவார்கள்.

அடுத்த வியாழக்கிழமை ஆஸ்பத்திரி பெஞ்சில் கோஷக்காரர் எனக்கு முன்பே வந்திருந்தார். பேசக் கூடாத இரண்டு பேர் எவ்வளவு நேரம் சுவரைப் பார்ப்பது? சிலேட்டை நீட்டினேன். ‘எந்த ஊர்?’ விவசாயக் கூலிகள் சங்கத்துப் படிப்பகத்தில் எழுத்துக் கற்றவர் அவர். நாற்று வரிசைபோல இடம்விட்டு, அழுத்தி எழுதுவார். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு ஊரின் பெயரை எழுதினார். அது என் கணவருடைய ஊர். என் மாமனாருக்கு அங்கே மூன்று வேலி, இருபது ஏக்கர் நிலம் இருந்தது. மறைப்பது நியாயமில்லை என்று தோன்றியது. ‘பெரிய வீட்டு மருமகள் நான்’ என்று எழுதிக் கொடுத்தேன்.

அவர் படித்தார். துண்டால் சிலேட்டை அழித்தார். வெகு நேரம் பலப்பத்தை விரலில் உருட்டிக்கொண்டிருந்துவிட்டு எழுதினார்: ‘உங்க மாமனார் சத்தம் எங்க தெரு வரைக்கும் கேக்கும்.’

எனக்குச் சிரிப்பு வெடித்தது. “சிரிக்கவும் கூடாதும்மா” என்றார் வாசலில் நின்ற ஊழியர்.

அந்த வருஷம் அந்த ஊரில் தகராறு அறுவடையைப் பற்றித்தான். நில உடைமைக்காரர்கள் வெளியூரிலிருந்து ஆள் இறக்கப் போவதாகப் பேச்சு. உள்ளூர் ஆளை வைத்துத்தான் அறுக்கவேண்டும், இல்லையென்றால் வயலில் மறிப்போம் என்றது சங்கம். இரு பக்கமும் சூடாக இருந்தார்கள். பேச்சு தடித்தால் அது எதில் போய் முடியும் என்று, கூலித் தகராறில் குடிசை எரிந்து ஆட்கள் செத்த கீழத்தஞ்சையில் அப்போது யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தாசில்தார் இரு தரப்பையும் ஒரு சனிக்கிழமை கூப்பிட்டிருந்தார். படித்தவர் ஒருவர் கூட இருந்தால் நல்லது, நீ வா என்று மாமனார் மகனுக்குக் கடிதம் எழுதினார். கணவருக்கு அன்று வேலை.

“நீ போயிட்டு வா. ஒன்னால பேச முடியாது. அதனால சண்டைய வளக்கவும் முடியாது” என்றார்.

அது என் மௌனத்தின் மூன்றாவது வாரம். தாலுகா அலுவலகத் தாழ்வாரத்தில் ஒரு பக்கம் மாமனாரும் இரண்டு நிலக்காரர்களும். எதிர்ப்பக்கம் சங்கச் செயலாளரும் நான்கு பேரும். அந்த நால்வரில் ஒருவர் என் கோஷக்காரர். என்னைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன்.

தாசில்தார் இளைஞர். எழுதும் குமாஸ்தா வரி வசூல் வேலையாகப் போய்விட்டார் என்று சலித்துக்கொண்டே வந்தவர், என் கையிலிருந்த சிலேட்டைப் பார்த்தார். “நீங்க யாரும்மா?” எழுதிக் காட்டினேன்: ‘மருமகள். கல்லூரி ஆசிரியை. டாக்டர் பேசக் கூடாது என்றார்.’

“எழுதலாமில்ல? அப்ப நீங்களே குறிப்பு எழுதுங்க” என்று தாளையும் பேனாவையும் நீட்டினார்.

செயலாளர் எழுந்துவிட்டார். “அதெப்படிங்க சார்? பெரிய வீட்டு மருமக எழுதினா அவங்க பக்கம்தான எழுதுவாங்க?”

நியாயமான கேள்வி. நான் பேனாவைக் கீழே வைத்தேன். அப்போது கோஷக்காரர் முன்னால் வந்து என்னிடம் கையை நீட்டினார். சிலேட்டைக் கொடுத்தேன். அவர் எழுதிச் செயலாளரிடம் காட்டினார்: ‘எழுதட்டும். நான் பக்கத்துல உக்காந்து படிக்கிறேன்.’

சேரித் தெருக்காரர் ஒருவர் பெரிய வீட்டு மருமகள் கையிலிருந்து சிலேட்டை வாங்குவதும் அவள் திரும்ப வாங்கிக்கொள்வதும் அந்த ஊரில் நடந்திராத காரியம். நிலக்காரரை ‘ஆண்டே’ என்று கூப்பிடுவது நின்று ‘ஐயா’ ஆகிச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. மாமனார் அந்தச் சிலேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தாசில்தார், “ஆரம்பிங்க” என்றார்.

மாமனார்தான் ஆரம்பித்தார். “என் நெலத்துல யார் அறுக்கணும்னு நான் முடிவு பண்ணுவேன். இந்தப் பயலுவ வந்து—”

நான் எழுதுவதை நிறுத்தினேன். “ஏன் எழுதல?” என்றார் தாசில்தார். சிலேட்டில் கேட்டேன். அவர் அதை உரக்கப் படித்தார்: “‘பயலுவ’ என்று எழுதலாமா?”

சங்கத்துக்காரர் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டார். மாமனார் தொண்டையைச் செருமினார். “‘இவங்க’ன்னு எழுது.”

அடுத்து செயலாளர். “இந்த ரத்தம் உறிஞ்சற கூட்டத்துக்கு நாங்க சொல்லிக்கறது என்னன்னா...” என்று மேடைக் குரலில் எடுத்தார். இந்த முறை தாளின்மேல் கையை வைத்தது பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோஷக்காரர். செயலாளரை ஒரு பார்வை பார்த்தார். செயலாளர் மூச்சை விட்டு, “சரி. ‘நில உடைமைதாரர்களுக்கு’ன்னு போடுங்க” என்றார்.

பிறகு எல்லாமே அப்படித்தான் போயிற்று. ஒருவர் பேசி முடித்தால் என் பேனா முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்கவேண்டும். கோஷக்காரர் விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்துத் தலையசைக்க வேண்டும். அதற்குள் கோபம் ஆறிவிடும். மெதுவாகப் பேசிக்கொண்டே ஒருவரைத் திட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். உள்ளூர் ஆட்கள் முதலில், ஆறு நாளுக்குப் பிறகும் அறுக்காமல் நிற்கிற வயலுக்கு மட்டும் வெளியாள், ஆள் பட்டியலை இரு தரப்பும் சேர்ந்து போடுவது என்று பகல் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்தது. ஆறு நாளா பத்து நாளா என்பதில்தான் முக்கால் மணி நேரம் போயிற்று.

கையெழுத்துப் போடும்போது மாமனாருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. கோஷக்காரர் தன் பையிலிருந்து டாக்டர் குடிக்கச் சொன்ன வெந்நீர் பாட்டிலை எடுத்துத் தம்ளரில் ஊற்றி நீட்டினார். மாமனார் வாங்கவில்லை. எழுந்து மூலையிலிருந்த அலுவலகப் பானையில் மொண்டு குடித்தார். எல்லாம் ஒரே நாளில் மாறிவிடுவதில்லை. நீட்டிய கை அப்படியே நின்றது எனக்குப் பொறுக்கவில்லை. நான் வாங்கிக் குடித்தேன். மாமனார் பார்த்தார். ஊருக்குத் திரும்பினோம். வீட்டில் மாமியார் என்ன நடந்தது என்று கேட்டபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில், “ஒம் மருமக வெந்நி குடிச்சா. டாக்டர் சொன்னதாம்” என்றார். அதோடு விட்டுவிட்டார். அந்த அறுவடை ஒப்பந்தப்படியே நடந்தது. அடுத்த வருஷம் வேறு தகராறு வந்தது, அது தனி.

நான்காம் வியாழன் டாக்டர் கண்ணாடியை விட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “வாயை மூடிக்கிட்டு ‘ம்’முனு சொல்லுங்க.” சொன்னேன். தேனீ போல உதட்டில் அதிர்ந்தது. “இப்ப ஒண்ணு, ரெண்டு எண்ணுங்க.” எண்ணினேன். பழைய குரலைவிடத் தாழ்ந்து, யாருடையதோ போல வந்தது. பத்து வரைக்கும் போய்விட்டு, நிறுத்த மனமில்லாமல் இருபது வரைக்கும் எண்ணினேன். டாக்டர் தடுக்கவில்லை.

கோஷக்காரருக்கு ஒரு பக்கம் இன்னும் கரையவில்லை. மேலும் இரண்டு வாரம் என்றார். அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. சங்கத்தில் இப்போது நான்கு பேர் மாற்றி மாற்றிக் கோஷம் எடுக்கிறார்களாம், அதில் இரண்டு பேர் பெண்களாம். இவர் முன்னால் நடந்து கையைத் தூக்கினால் போதும். இதையெல்லாம் என் சிலேட்டில் எழுதிக் காட்டினார். பலப்பம் தீர்ந்துவிடும் போலிருந்தது. சிலேட்டை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.

எனக்கு டாக்டர் போட்ட சட்டங்கள் எளியவை. வயிற்றிலிருந்து மூச்செடுத்துப் பேசவேண்டும். ஒவ்வொரு வகுப்பிலும் தண்ணீர் குடிக்கவேண்டும். செருமக் கூடாது, எச்சிலை விழுங்கவேண்டும். ஆலையோடு போட்டி கூடாது. கடைசிச் சட்டத்துக்காக முதல்வர் அம்மாவிடம் போய் வகுப்புக்கு மைக் கேட்டேன்.

“மைக் ஆண்டு விழாவுக்குத்தாம்மா. தெனமும் போட்டா கட்சிக் கூட்டம் மாதிரி இருக்கும்” என்றார். சொல்லிவிட்டு இருமினார். அப்போதுதான் கவனித்தேன், அவர் குரலும் கரகரத்திருந்தது. ஆசிரியர் அறையில் விசாரித்தால் பாதிக்கு மேல் அதே கதை. குரல் கட்டுவது நன்றாக உழைக்கிறதற்கு அடையாளம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். டாக்டரை அழைத்து ஒரு நாள் பேசவைக்கலாமா என்று கேட்டேன். அதற்கு முதல்வர் சம்மதித்தார்.

டாக்டர் வந்தார். இடமாக அந்த ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையைத்தான் கேட்டார். ஆசிரியர்கள் எல்லோரும் மாணவிகளின் பெஞ்சுகளில் உட்கார்ந்தோம். அவர் தன் தாழ்ந்த குரலில் இரண்டு நிமிஷம் பேசியிருப்பார், ஆலை ஓட ஆரம்பித்தது. பேச்சை நிறுத்திக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஐந்து நிமிஷம் போயிற்று. பத்து நிமிஷம் போயிற்று. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

முதல்வருக்கு இருப்புக்கொள்ளவில்லை. “டாக்டர், கொஞ்சம் சத்தமாப் பேசினா கேக்கும்” என்று கத்தினார்.

அவர் சிரித்தபடி தலையை ஆட்டினார். தன் தொண்டையைச் சுட்டிக் காட்டினார். பிறகு கூரையைக் காட்டினார். பிறகு மதில் சுவரைக் காட்டினார். ஆலை நின்றதும், “நான் சொல்ல வந்தது இவ்வளவுதாங்க” என்று சொல்லிவிட்டு எங்களுக்கு ‘ம்’ சொல்லும் பயிற்சியைக் கற்றுக்கொடுத்தார். முதல்வர் உட்பட அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு ‘ம்’ என்று அதிர்ந்துகொண்டிருந்ததை ஜன்னல் வழியே பார்த்த மாணவிகள் அதை ஒரு மாதம் பேசினார்கள்.

மைக் கடைசிவரை வரவில்லை. ஆனால் அடுத்த வாரமே பி.யு.சி. வகுப்பை இரண்டாகப் பிரித்து, மறுகோடியிலிருந்த பழைய நூலகக் கூடத்துக்கு மாற்றினார் முதல்வர். கொட்டகையில் சைக்கிள்களை நிறுத்தினார்கள். புதிய இடத்தில் முதல் நாள் நான் எதிரில் இருப்பவரிடம் பேசுகிற குரலிலேயே பாடத்தை ஆரம்பித்தேன். பழக்க தோஷத்தில் ஒரு இடத்தில் நிறுத்தி, “கடைசி பெஞ்ச், கேக்குதா?” என்றேன்.

“கேக்குது மிஸ்” என்றாள் மன்னார்குடிப் பக்கத்துப் பெண். “இப்படியே பேசுங்க. இப்பத்தான் என்ன சொல்றீங்கன்னு புரியுது.”